34 சிஸ்டம், ஒரு திரை: அலுவலகத்துக்கு ஆன்டிவைரஸ் வாங்குமுன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவின் மேஜை இழுப்பறையைத் திறந்தால் ஆன்டிவைரஸ் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர்: 'மெர்ச்சன்டைசர் 2', 'பேக்கிங்', 'எம்.டி. ரூம்'. கூடவே ஒரு நீளமான நோட்டு. எந்தப் பெட்டியின் கீ எந்தத் தேதியில் முடிகிறது என்ற கணக்கு அதில் இருந்தது. ஒரு வருடத்துக்குள் பதினோரு வெவ்வேறு தேதிகள். "இதைப் பார்த்துக்கறதே தனி வேலையாப் போச்சுங்க" என்றார்.

அந்த நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு மாலை முழுக்க சிஸ்டம் சிஸ்டமாகப் போய்ப் பார்த்தேன். மொத்தம் 34. ஏழில் லைசென்ஸ் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் வரும், உட்கார்ந்திருப்பவர் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார். மூன்றில் ஆன்டிவைரஸே இல்லை. இரண்டில் ஆளுக்கு இரண்டு இருந்தன. ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு சிஸ்டத்தை நகரவிடாமல் செய்திருந்தன. பேட்டர்ன் போடும் தம்பி தன் சிஸ்டத்தில் அதை அணைத்தே வைத்திருந்தார். "ஃபைல் திறக்க லேட்டாகுதுங்கண்ணா" என்றார். நோட்டின்படி பார்த்தால் 34-ம் பத்திரம்.

வாங்கிய தேதியை நோட்டில் எழுதலாம். இன்று காலை ஒவ்வொரு சிஸ்டமும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எப்படி எழுதுவது? அதைச் சொல்லத்தான் மையமாக நிர்வகிக்கும் ஆன்டிவைரஸ். கடைக்காரர்கள் 'பிசினஸ் எடிஷன்', 'எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி' என்று சொல்வதும் இதைத்தான். எண்ட்பாயின்ட் என்றால் நெட்வொர்க்கின் கடைசி முனையில் இருக்கும் கணினி, லேப்டாப், சர்வர், சில சமயம் போனும்கூட.

தையல் லைனைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு டெய்லருக்கும் அவரவர் மெஷினைப் பற்றித் தெரியும். எந்த மெஷினில் ஊசி உடைந்தது, எது நின்று அரை மணி ஆகிறது என்று மொத்த லைனையும் பார்க்க ஒரு சூப்பர்வைசர் வேண்டும். தனித்தனியாகப் பெட்டி வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் என்பது சூப்பர்வைசர் இல்லாத லைன்.

மென்பொருளில் இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சின்ன நிரல் உட்காரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலிடத்துக்குத் தகவல் அனுப்பும்: நான் உயிரோடு இருக்கிறேன், என் அப்டேட் இன்ன தேதியுடையது, இன்ன ஃபைலைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறேன். அந்த மேலிடம்தான் கன்சோல், அதாவது பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம். கன்சோலில் இருந்து கீழே போகும் கட்டளைத் தொகுப்புக்குப் பாலிசி என்று பெயர். அக்கவுண்ட்ஸுக்கு ஒரு பாலிசி, மெர்ச்சன்டைசர்களுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று குழு பிரித்து வைக்கலாம். ஏஜென்ட்டை நீக்கவோ நிறுத்தவோ பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்பதும் பாலிசியில்தான் வரும். பேட்டர்ன் தம்பி இனி அதை அணைக்க முடியாது. எதனால் லேட்டாகிறது என்று நம்மைத்தான் கேட்டாக வேண்டும்.

பலன் எங்கே தெரியும் என்பதற்கு ஒரு பென்டிரைவ் கதை. லேபிள் அச்சடிக்கும் இடத்திலிருந்து டிசைன் ஃபைல் பென்டிரைவில் வருகிறது. பேக்கிங் சிஸ்டத்தில் செருகுகிறார்கள், ஆன்டிவைரஸ் ஒன்றைப் பிடித்து மூலையில் அறிவிப்புக் காட்டுகிறது. அங்கிருப்பவர் அதை மூடிவிட்டு, "இதுல ஓப்பன் ஆகலைங்க" என்று அதே பென்டிரைவை மெர்ச்சன்டைசரிடம் கொடுக்கிறார். அங்கும் அதே கதை. மூன்றாவதாக, லைசென்ஸ் முடிந்து கிடக்கும் சிஸ்டத்தில் அது ஓப்பன் ஆகிவிடுகிறது! ஆன்டிவைரஸ் இரண்டு முறை தன் வேலையைச் சரியாகவே செய்தது; அதைப் பார்த்து யோசிக்க ஆள் இல்லை. கன்சோல் இருந்திருந்தால் பத்து நிமிட இடைவெளியில் ஒரே பெயர் இரண்டு சிஸ்டத்தில் வந்திருக்கிறது என்று வரிசையாகத் தெரிந்திருக்கும். போனை எடுத்து "அந்தப் பென்டிரைவை யாரும் தொடாதீங்க" என்று சொல்ல அது போதும்.

அதனால் எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: தினமும் காலையில் இந்தத் திரையை யார் திறந்து பார்க்கப் போகிறார்? பெயர் சொல்லுங்கள். 'ஐடி ஆள் மாதம் ஒருமுறை வருவார்' என்றால் தேர்வு ஒரு மாதிரி போகும். 'அக்கவுண்ட்ஸ் அக்கா பார்ப்பார்' என்றால் வேறு மாதிரி. பார்க்கப்போகிற ஆளுக்குப் புரியாத கன்சோல், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இழுப்பறைப் பெட்டிக்குச் சமம்.

சொந்த சர்வரா, கிளவுடா?

கன்சோல் இரண்டு இடத்தில் இருக்கலாம். நம் அலுவலகத்திலேயே ஒரு சர்வரில் நிறுவிக்கொள்வது பழைய முறை. அப்டேட்டை அந்த சர்வர் ஒருமுறை இறக்கி 34 பேருக்கும் உள்ளேயே பங்கு வைக்கும். இன்டர்நெட் மெதுவான இடத்துக்கு நல்லது. ஆனால் அந்த சர்வரை யாராவது பராமரிக்க வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், யூபிஎஸ் ஓட வேண்டும். பையரைப் பார்க்க மும்பைக்குப் போன லேப்டாப், விபிஎன் மாதிரி, வெளியிலிருந்தே அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் ஏற்பாடு ஏதாவது இல்லையென்றால், திரும்பி வரும்வரை கன்சோலின் கண்ணில் படாது.

கிளவுட் கன்சோல் என்றால் தயாரித்த நிறுவனத்தின் சர்வரிலேயே அது ஓடும். லேப்டாப் எங்கே இருந்தாலும் இன்டர்நெட் கிடைத்தால் தகவல் வந்துவிடும். ஐம்பது சிஸ்டத்துக்குக் குறைவான அலுவலகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கிளவுட்தான் சொல்வேன். அப்டேட்டை ஒரு சிஸ்டம் இறக்கி மற்றவற்றுக்குப் பகிரும் வசதி பல கிளவுட் தயாரிப்புகளிலும் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா சிஸ்டத்தையும் ஓரிடத்திலிருந்து ஆள முடியும் என்றால், அந்த இடத்தைப் பிடிப்பவன் எல்லாவற்றையும் ஆள்வான். கன்சோல் லாகினுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது உறுதிப்படுத்தல் கட்டாயம். அந்த வசதி இல்லாத தயாரிப்பைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். போன இடமெல்லாம் 'அட்மின்', '12345' என்று வைத்திருப்பதைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

விண்டோஸோடு டிஃபெண்டர் வருகிறதே?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு முந்தைய டிஃபெண்டர் வேறு, இப்போதையது வேறு. பிடிக்கும் திறனில் அது காசு கொடுத்து வாங்குபவற்றோடு நிற்கிறது. ஆனால் இலவசமாக வருவதில் அந்த ஒற்றைத் திரை கிடையாது. அது வேண்டுமென்றால் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்று தனியாக வாங்க வேண்டும். 300 பயனர் வரையுள்ள நிறுவனங்களுக்கானது அது. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு அது அந்தக் கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. அது தெரியாமல் வேறொன்றை வாங்கி வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். சர்வருக்கு மட்டும் தனி லைசென்ஸ். இன்னொரு பொறி: கடையில் வாங்கும் மலிவு லேப்டாப்பில் விண்டோஸ் ஹோம் பதிப்புதான் இருக்கும், டிஃபெண்டர் ஃபார் பிசினஸுக்கு புரோ பதிப்பு வேண்டும்.

மற்றபடி சந்தையில் பஞ்சமில்லை. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் (நிறுவனங்களுக்கு அவர்கள் விற்பது செக்ரைட் என்ற பெயரில்), வெளிநாட்டிலிருந்து ஈசெட், பிட்டிஃபெண்டர், சோஃபோஸ், ட்ரெண்ட் மைக்ரோ. எது அதிகம் பிடிக்கிறது என்று பார்க்க ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டின் தளத்திலும் நிறுவனங்களுக்கான பதிப்புகளை மட்டும் வைத்துச் செய்த சோதனை முடிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னணியில் இருப்பவற்றுக்குள் பிடிக்கும் சதவீதத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிப்பது எவ்வளவு, சிஸ்டத்தை எவ்வளவு மெதுவாக்குகிறது என்ற இரண்டு பத்திகளைப் படியுங்கள். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நேரத்தில் கணக்கு மென்பொருளின் ஃபைலையே வைரஸ் என்று தூக்கி அடைத்துவிட்டால், அன்று அலுவலகத்தில் வைரஸைவிட ஆன்டிவைரஸுக்குத்தான் திட்டு விழும்.

விலக்கு கொடுப்பதில் நிதானம்

இந்தத் தொல்லைக்காகத்தான் எக்ஸ்க்ளூஷன் என்ற விலக்குப் பட்டியல் இருக்கிறது. 'இந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதே' என்று சொல்லிவிடலாம். டேட்டாபேஸ் ஃபைல்களுக்கு இது பல சமயம் தேவைதான். ஆனால் மென்பொருள் போட வரும் ஆள், வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக டி டிரைவ் முழுவதையும் விலக்கச் சொல்லிவிட்டுப் போவார். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலை 2 சாட்சி. அமெரிக்காவின் கசேயா என்ற நிறுவனம், பல அலுவலகக் கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை விற்கிறது. தன் வேலை தடைபடாமலிருக்கத் தன்னுடைய ஃபோல்டர்களை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்கி வைக்கும்படி வாடிக்கையாளர்களிடம் அது சொல்லியிருந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்து, அப்படி விலக்கப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே தன் நிரலை இறக்கியது. ஸ்வீடனில் கூப் என்ற சூப்பர்மார்க்கெட், பில் போடும் கருவி ஓடாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டி வந்தது. கூப் நேரடியாக கசேயாவின் வாடிக்கையாளர்கூட இல்லை. அவர்களுக்கு சர்வீஸ் கொடுத்தவர்கள் பயன்படுத்திய மென்பொருள் அது.

ஆக, விலக்கு கொடுத்தால் ஃபோல்டர் பெயரைக் குறுக்கிக் கொடுங்கள். யார் கேட்டு, என்றைக்குக் கொடுத்தது என்று கன்சோலிலேயே குறிப்பு எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரி எதற்கு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்டேட் ஒரே நேரத்தில் எல்லோருக்குமா?

ஆன்டிவைரஸ் விண்டோஸின் அடிவயிறு வரை கைவிடும் மென்பொருள். அது தவறினால் சிஸ்டமே விழும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான ஒரு ஃபைலையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 19 இன்னும் பெரியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு ஃபைலால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த நாள் அது. சரிசெய்ய ஒவ்வொரு கணினியிடமும் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

இதனால்தான் அப்டேட்டை முதலில் நான்கைந்து சிஸ்டத்துக்கு விட்டு, அப்புறம் மற்றவற்றுக்கு விடும் வசதி இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறேன். விற்பவர் உடனே "இருக்குங்க சார்" என்பார். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அப்டேட்டில் இரண்டு வகை. ஏஜென்ட் மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்று, தினமும் பலமுறை இறங்கும் வைரஸ் அடையாளப் பட்டியல் போன்ற உள்ளடக்கம் இன்னொன்று. கிரவுட்ஸ்டிரைக் விஷயத்தில், பதிப்பைத் தள்ளிப்போட்டு வைத்திருந்த நிறுவனங்களும் விழுந்தன. ஏனென்றால் அன்று வந்தது இரண்டாவது வகை, அதற்கு அந்தக் கட்டுப்பாடு அப்போது இல்லை. பிறகுதான் கொடுத்தார்கள். "இரண்டு வகைக்கும் பொருந்துமா?" என்பதுதான் சரியான கேள்வி. அதற்காக உள்ளடக்க அப்டேட்டை நாள்கணக்கில் நிறுத்தி வைக்கக்கூடாது. சில மணி நேரம் போதும்.

பணம் கொடுக்குமுன் ஒரு மாதம்

பெரும்பாலான நிறுவனங்கள் 30 நாள் சோதனைப் பதிப்பு தருகின்றன. அதை எம்.டி.யின் புது லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. இருப்பதிலேயே கிழட்டு சிஸ்டத்தில் போடுங்கள், நான்கு ஜிபி ரேமோடு பேக்கிங்கில் தூசி பிடித்துக் கிடக்குமே, அதில். அப்புறம் பேட்டர்ன் தம்பியின் சிஸ்டத்தில், கணக்கு சர்வரில், வெளியூர் போகும் ஒரு லேப்டாப்பில்.

போட்டதும் ஐகார் சோதனை செய்யுங்கள். 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி அது; யாருக்கும் கெடுதல் செய்யாது. சோதனைக்காக இதை வைரஸ் மாதிரியே பிடிப்போம் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட வரி. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதை எடுத்து நோட்பேடில் ஒட்டி சேமித்தால் ஏஜென்ட் பாய்ந்து பிடிக்க வேண்டும். பிடிக்கிறதா என்பது சின்ன விஷயம், எல்லாமே பிடிக்கும். கையில் கடிகாரத்தோடு கன்சோலைப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் அங்கே தெரிகிறது? யாருக்காவது மெயில் வருகிறதா? நான் சோதித்த ஒன்றில் டீக்கடைக்குப் போய் வடை சாப்பிட்டுத் திரும்பிய பிறகும் கன்சோல் பச்சையாகவே இருந்தது. இன்னொன்றில் நாற்காலியில் திரும்புவதற்குள் போனில் மெயில்.

அடுத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுநாள் பாருங்கள். 'இந்த சிஸ்டம் பேசி ஒரு நாள் ஆகிறது' என்று கன்சோல் சொல்ல வேண்டும். ஏஜென்ட்டை கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கப் பாருங்கள், விடக்கூடாது. பழைய ஆன்டிவைரஸ் உள்ள சிஸ்டத்தில் புதியதை நிறுவும்போது பழையது தானாக நீங்குகிறதா என்று பாருங்கள். இங்கே விண்டோஸ் சர்வரில் கவனம்: சாதாரண விண்டோஸில் வேறு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், சர்வரில் அது தானாக ஒதுங்காது, நாமே முடக்க வேண்டும். கடைசியாக, ஏஜென்ட் இல்லாத கணினிகளை நெட்வொர்க்கில் தேடிக் காட்டுகிறதா? இந்தக் கடைசி வசதியைப் பலரும் கேட்பதே இல்லை. எனக்கு அது இல்லாமல் ஆகாது.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக: வீட்டுப் பதிப்பை அலுவலகத்தில் போடுவதைப் பல நிறுவனங்களின் விதியே தடுக்கிறது. முதல் வருட விலையோடு புதுப்பிக்கும் விலையையும் எழுத்தில் வாங்குங்கள். நடுவில் ஐந்து சிஸ்டம் சேர்ந்தால் எல்லாம் ஒரே தேதியில் முடியும்படி சரிக்கட்டித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பதினோரு தேதி நோட்டு மறுபடி முளைக்கும்.

இடிஆர் என்று ஒன்றைச் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். ஒரு ஃபைல் கெட்டதா என்று பார்ப்பதோடு நிற்காமல், கணினியில் நடப்பதையெல்லாம் பதிவுசெய்து, வேர்டு ஃபைல் திறந்ததும் விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் பவர்ஷெல் ஏன் ஓடுகிறது என்பது போன்ற விசித்திரங்களைக் கண்டுபிடிக்கும் வகை அது. நல்ல பொருள். ஆனால் அது எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால், நமக்காகப் பார்த்துச் சொல்லும் சேவையையும் சேர்த்து வாங்க வேண்டும், அது எம்டிஆர். இரண்டும் இல்லாமல் இடிஆர் மட்டும் வாங்குவது வீண் செலவு.

பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டிருக்கிறது. கன்சோலில் 30 நாள்தான் நிற்கும் என்றால், மாதாமாதம் இறக்கி வைக்க ஏற்பாடு வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஆன்டிவைரஸால் முடியாதது ஒன்று உண்டு: விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைப்பது. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக யாரும் எதையும் கிளிக் செய்யாமலே சிஸ்டத்திலிருந்து சிஸ்டத்துக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம், போடவில்லை, அவ்வளவுதான். அதனால் எந்தெந்த சிஸ்டத்தில் விண்டோஸ் அப்டேட் பாக்கி என்று அதே கன்சோலில் காட்டும் தயாரிப்புக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். நம் ஊரில் எம்பிராய்டரி மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7 கணினிக்கு இந்தப் பேச்சே கிடையாது. 2020 ஜனவரி 14-லேயே அதற்கான ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் நின்றது. அந்த மெஷினை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் இன்டர்நெட் கொடுக்காமல், மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள்.

அந்த அலுவலகத்தில் கடைசியில் ஒரு கிளவுட் கன்சோல் வாங்கினார்கள். தேர்வு செய்தது நானில்லை. சோதனைக்குப் போட்ட மூன்று கன்சோல்களையும் தலா ஒரு வாரம் காலையில் திறந்து பார்த்த அக்கவுண்ட்ஸ் அக்காதான், "இதுல மட்டுந்தான் நான் என்ன செய்யணும்னு புரியுது" என்று ஒன்றைக் காட்டினார். நிறுவி முடித்து எல்லாம் பச்சை ஆன இரண்டாவது வாரம் காலையில் போன் வந்தது.

"அண்ணா, நம்ம லிஸ்ட்ல 34 தானுங்களே? இங்க 35 காட்டுதுங்க. ஒண்ணுக்கு ஏஜென்ட் இல்லைன்னு வருது."

பெயர் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். கேம் விளையாடும் லேப்டாப்புக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர். சற்று யோசித்துவிட்டு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எம்.டி. பையனுக்கு காலேஜ் லீவுங்க. ரெண்டு நாளா மேல ரூம்லதான் உக்காந்திருக்காப்ல. இதை நான் சொல்லட்டுங்களா, நீங்க சொல்றீங்களா?"